உண்மையான வெள்ளி, ஒன்று

உண்மையான வெள்ளிக் கரண்டியைத் தொட்டால் அவளுக்குக் கிச்சுகிச்சு மூட்டும்; வெள்ளி முலாம் பூசிய கரண்டியைத் தொட்டால் விக்கல் எடுக்கும். தேக்கரண்டி என்றால் உள்ளங்காலில், முள்கரண்டி என்றால் இடுப்பில், சூப்புக் கரண்டி என்றால் இரண்டு அக்குளிலும் ஒரே நேரத்தில். வெண்ணெய் தடவும் கத்தி மட்டும் பிடரியில், அதுவும் மெதுவாக. ஏலக்கடையின் பின்பக்க அறையில், ஜன்னலோரம் போட்ட நீள மேசையில் உட்கார்ந்து பதினான்கு வருஷமாக அவள் செய்துவந்த வேலை இது. மற்ற கடைகளில் பூதக்கண்ணாடி வைத்துக் காம்பின் பின்னால் முத்திரை தேடினார்கள், காந்தத்தைக் காட்டினார்கள், கரண்டிமேல் ஐஸ் கட்டியை வைத்து எவ்வளவு சீக்கிரம் உருகுகிறது என்று கடிகாரம் பார்த்தார்கள். இந்தக் கடையில் ஒரு பெண் சிரித்தாள், அல்லது விக்கினாள். சாமான் கொண்டுவந்தவருக்குக் கொடுக்கும் சீட்டில் குத்துவதற்கு 'சிரிப்பு', 'விக்கல்' என்று இரண்டு ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. எல்லோரும் அவளைச் சோதனைக்காரி என்று கூப்பிட்டார்கள்.

சிரிப்பு தொற்றக்கூடியது. எவ்வளவு தூரம் தொற்றும் என்பது வெள்ளியின் எடையைப் பொறுத்தது. ஒரு தேக்கரண்டிக்கு அவள் மட்டும் சிரிப்பாள். ஒரு டஜன் முள்கரண்டிக்கு அறையே சிரிக்கும். ஒருமுறை மூடியோடு வந்த பெரிய சூப்புப் பாத்திரத்தை அவள் இரண்டு கையாலும் தூக்கிவிட, ஏலக்கூடம் முழுக்கச் சிரித்து, எதிர்ச்சாரி முடிதிருத்தும் கடை சிரித்து (அங்கே ஒருவருக்குப் பாதி மீசை போயிற்று), தெருவில் போய்க்கொண்டிருந்த சவ வண்டிக்குப் பின்னால் நடந்தவர்களில் முன்வரிசையும் சிரித்தது. இறந்தவரின் மனைவி மறுவாரம் ஒரு கடுதாசி போட்டிருந்தார். அது நன்றிக் கடுதாசி.

இதில் ஏமாற்ற வழியில்லை. ஒரே ஒரு தடவை ஏலக்கடை முதலாளி கெஞ்சிக் கேட்டதற்காக, ஒரு முலாம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் விக்கலை அடக்கிப் பார்த்தாள். விக்கல் அவள் கை வழியாக இறங்கி மேசைக்குப் போய்விட்டது. மேசை சாயங்காலம்வரை விக்கிக்கொண்டிருந்தது, மைக்கூடு இரண்டு முறை கவிழ்ந்தது. அதற்குப் பிறகு யாரும் அப்படிக் கேட்கவில்லை.

கடைக்கு வெளியே அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் எவர்சில்வர். அது அவளை ஒன்றும் செய்யாது. முப்பத்தாறு வயதுவரை கல்யாணம் ஆகாததற்கு அவள் அம்மா அந்த விக்கலைத்தான் காரணமாகச் சொல்வாள். கப்பல் கம்பெனிக்காரர் ஒருவர் ஆசையாக வந்து, வெள்ளி என்று சொல்லி ஒரு சின்னப் பவுடர் டப்பாவைக் கொடுத்தார். அவள் மூன்று நாள் விக்கினாள். அவர் முதல் நாளே போய்விட்டார்.

"ஏண்டி, டப்பாதானே முலாம். மனுஷனும் முலாமா?" என்றாள் அம்மா.

"தெரியாதும்மா. மனுஷங்களைத் தொட்டா எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல."

"அப்போ போ. போய்க் கரண்டியக் கட்டிக்கிட்டு அழு."

"அழ எங்கம்மா முடியுது. கரண்டியத் தொட்டாச் சிரிப்புல்ல வருது."

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு, ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய ஹோட்டலிலிருந்து ஆள் வந்தது. ஹோட்டல்காரர் இறந்து, அவருடைய மகளும் மகனும் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டடம் அக்காவுக்கு, வெள்ளி தம்பிக்கு. வெள்ளி என்றால், எழுபத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆளுக்குப் பன்னிரண்டு உருப்படி, மொத்தம் எண்ணூற்று அறுபத்து நான்கு. தாத்தா வாங்கியது. கூடத்தில் மாட்டியிருந்த படத்தில்கூட அவர் கையில் ஒரு கரண்டியோடுதான் நின்றார். எல்லாம் அசல் வெள்ளி என்று கண்ணாடிச் சட்டம் போட்ட பட்டியல் ஒன்று வரவேற்பு மேசைக்கு மேலே தொங்கியது. தம்பிக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அசல் என்று யாராவது சொல்லிக் கேட்க ஆசை, அவ்வளவுதான்.

அந்த வெள்ளியை முப்பத்தொரு வருஷமாகத் துலக்கிவந்தவர், ஒல்லியான, குனிந்த முதுகுள்ள ஒரு மனிதர். எந்நேரமும் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருப்பார். சமையல்கட்டில் அவருக்குக் கையுறை அண்ணன் என்று பெயர். அந்த ஹோட்டலில் ஒரு சட்டம் இருந்தது: கரண்டியில் பார்த்தால் தன் இமைமயிரை எண்ண முடிய வேண்டும், அதுவரை தேய்க்க வேண்டும். வேறு இடங்களில் முகம் தெரிந்தால் போதும் என்பார்கள். இவர் தினம் காலையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, வலது கட்டைவிரலால் பொடியைத் தொட்டு, இமைமயிர் எண்ணி முடிக்கும்வரை தேய்ப்பார். வெளியே வரும்போது கையுறை திரும்பக் கைக்கு ஏறியிருக்கும். யாரோடும் கைகுலுக்கியதில்லை. தனியாகச் சாப்பிடுவார். கல்யாணம் ஆகவில்லை.

சோதனை காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் தொடங்கியது. முதல் கரண்டியை எடுத்தாள், விக்கினாள். இரண்டாவதுக்கும் விக்கல். முதல் பத்து வரை தம்பி சிரித்துக்கொண்டிருந்தார். நாற்பதாவது விக்கலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நூறாவதில் ஒரு சிவப்புப் பென்சிலை வரவழைத்தார். கையுறை அண்ணன் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தபடி இருந்தார், ஒவ்வொரு விக்கலுக்கும் அவர் முதுகு ஒரு நூல் குனிந்தது.

"மேடம், கொஞ்சம் தண்ணி குடிங்க."

"தண்ணியில போகாது சார் இது. விக். அடுத்த தட்டு."

இருநூறில் கையுறை அண்ணன் சர்க்கரை கொடுத்தார். முந்நூற்றைம்பதில், மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கச் சொன்னார். தன்னைத் திருடனாக்கிக்கொண்டிருக்கும் விக்கலை நிறுத்த அவர் இவ்வளவு பாடுபடவில்லை, அவளுக்கு நெஞ்சு வலிக்குமே என்றுதான் பாடுபட்டார் என்பது ஐந்நூறாவது கரண்டி வாக்கில் அவளுக்கு விளங்கியது. அதன்பிறகு ஒன்றாவது, ஒரே ஒரு உப்புக் கரண்டியாவது தன்னைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். சிரிக்கவைக்கவில்லை. மூன்றரை மணிக்கு, வெல்வெட் பெட்டியில் தனியாக வைத்திருந்த எண்ணூற்று அறுபத்து நான்காவது உருப்படி, படத்தில் தாத்தா பிடித்திருந்த அதே கரண்டி, வந்தது. அதற்கு அவள் விக்கிய விக்கலில் தாத்தாவின் படம் சாய்ந்தது.

தம்பி எழுந்தார்.

"முப்பத்தொரு வருஷமா அந்த ரூம் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான் சார்."

"வேற யாராவது உள்ள போவாங்களா?"

"நான் மட்டும்தான் சார்."

"அப்போ அசலை எடுத்துட்டு முலாமை வச்சது யாரு? எந்நேரமும் கையுறை வேற. கைரேகை படக்கூடாதாக்கும்."

"அப்பா காலத்து மனுஷன்டா, பார்த்துப் பேசு" என்றார் அக்கா.

"அப்பா காலத்து வெள்ளி எங்கக்கா? அதைச் சொல்லு, நான் பார்த்துப் பேசறேன். ஒரு மணி நேரம் தர்றேன். போன இடத்தைச் சொல்லலைன்னா போலீஸு."

கையுறை அண்ணன் கையிலிருந்த காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்த வேலை ஒன்று, தங்கிய இடம் ஒன்று, சம்பாதித்த பெயர் ஒன்று. மூன்றும் அந்தக் கூடத்தில்தான் இருந்தன.

சோதனைக்காரிக்கு விக்கல் இன்னும் நிற்கவில்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் கையிலிருந்த கரண்டி எகிறியது, அப்படி எகிறியபோது அது குப்புற விழுந்தது. குழியின் முதுகில், மேசையில் பதியும் இடத்துக்குச் சற்று வலப்பக்கம், மஞ்சளாக ஒரு தேய்மானம் தெரிந்தது. முலாம் போய் உள்ளே இருந்த பித்தளை. அவள் இன்னொன்றைத் திருப்பினாள். அதே இடம், அதே அளவு. தட்டோடு பன்னிரண்டைக் குப்புறக் கவிழ்த்தாள். பன்னிரண்டிலும் ஒரே மாதிரி மஞ்சள், ஒரே சாய்வு. முள்கரண்டி, கத்திக் காம்பு, எல்லாவற்றிலும். பிறகு அக்காவும் தம்பியும் ஹோட்டல் சமையல்காரியும் சேர்ந்து எண்ணூற்று அறுபத்து நான்கையும் குப்புறப் போட்டார்கள். மேசை முழுக்கக் கட்டைவிரல் கட்டைவிரலாக மஞ்சள் பூத்துக் கிடந்தது.

"மாத்தி வச்சவன், விக், மாத்தி வச்சதையுமா முப்பது வருஷம் தேய்ப்பான்? யாரும் எதையும் மாத்தல சார். இது அப்பவே வந்த சாமான். உங்க தாத்தா வாங்கினதே முலாம்தான்."

"தாத்தாவையா சொல்றீங்க?"

"தாத்தாவுக்கு வித்தவரைச் சொல்றேன். விக்."

"முலாம்னாலும் மேல வெள்ளி இருந்துச்சுல்ல? அது எங்க போச்சு?"

நியாயமான கேள்விதான். முலாமைத் துலக்கினால் முலாம் தேயும், தேய்ந்தது துணியில் கறுப்பாக ஒட்டி, அலசும்போது தண்ணீரோடு போகும். ஆனால் இந்த ஹோட்டலில் துணி வைக்கும் வழக்கம் இல்லை, வெறும் கட்டைவிரல்தான் என்று சமையல்காரி சொன்னாள். விரல் அளவை ஒத்துப்பார்த்தால் தேய்த்தது இவர்தான் என்பதாவது உறுதியாகும் என்று சோதனைக்காரி கையை நீட்டினாள்.

"கையுறையக் கழட்டுங்க."

"வேண்டாம் மேடம். தோல் வியாதி."

"எனக்கு விக்கல் வியாதி. விக். கழட்டுங்க."

அவர் கழற்றினார். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை இரண்டு கையும் பளபளத்தன. நகம், ரேகை, முட்டி, எல்லாம் இருந்தன, எல்லாம் வெள்ளியாக. கூடத்து ஜன்னல் பன்னிரண்டும் அந்த உள்ளங்கைகளில் தெரிந்தன. பதினைந்து வருஷத்துக்கு முன் இது தொடங்கியபோது டாக்டரிடம் காட்டியதாகவும், களிம்பு கொடுத்து வெயிலில் அலைய வேண்டாம் என்று அவர் சொன்னதாகவும், அதன்படி வெயிலில் போவதை விட்டுவிட்டதாகவும் கையுறை அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முட்டை சாப்பிட்டால் விரல் கறுத்துவிடும் என்றும் சொன்னார்.

அவள் அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக் கரண்டியின் மஞ்சள் குழியில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. விக்கல் நின்றது. அவள் முகம் யாரோ கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்தது. பிறகு உள்ளங்காலில், இடுப்பில், இரண்டு அக்குளில், பிடரியில், முழங்காலுக்குப் பின்னால், காது மடலில், போன வருஷம் பிடுங்கிப்போட்ட பல் இருந்த இடத்தில், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கிச்சுகிச்சு மூட்டியது. அவள் சிரித்தாள். அப்படியே மேசைக்கு அடியில் உட்கார்ந்து சிரித்தாள், விரலை மட்டும் விடவில்லை.

முப்பத்தொரு வருஷத்து வெள்ளியின் எடை அது. முதலில் சமையல்காரிக்குத் தொற்றியது, பிறகு அக்காவுக்கு. போலீஸைக் கூப்பிட டெலிபோனை எடுத்த தம்பி, "ஹலோ" என்பதற்குள் மடங்கி உட்கார்ந்தார். எதிர்முனையில் போலீஸ் ஸ்டேஷனும் கம்பி வழியாகச் சிரித்தது. லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்று குலுங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் குளியலறையிலேயே சிரித்தார்கள். ஆற்றுப்பாலத்தில் போக்குவரத்து நின்றது, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்திருந்தவர்கள் கண்ணை மூடியபடி சிரித்தார்கள், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கரும்பலகையைக் கட்டிக்கொண்டு சிரித்தார், ரயில் நிலையத்தில் வண்டி வரும் அறிவிப்பு வெறும் சிரிப்பாகவே மூன்று முறை ஒலிபரப்பானது. அப்படியும் எல்லோரும் சரியான வண்டியில்தான் ஏறினார்கள். நாலு மணிக்குத் தொடங்கியது ஐந்தேகாலுக்கு, அவளுக்குக் கை வலித்து விரலை விட்டபோது நின்றது. நகரத்தில் அன்று அடிதடி ஒன்றும் பதிவாகவில்லை.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது நடிப்பாகவும் இருக்கலாம் என்றார். அதற்காக ஐஸ் கட்டி கொண்டுவந்தார்கள். கையுறை அண்ணன் உள்ளங்கையில் வைத்த கட்டி, சமையல்காரி கையை எடுப்பதற்குள் தண்ணீராகி ஒழுகியது. காந்தம் ஒட்டவில்லை. ஆள்காட்டி விரலைச் சுண்டிப் பார்த்தார்கள். அது நெடுநேரம் கணகணவென்று ஒலித்தது, சாப்பாட்டு மணி என்று நினைத்து விருந்தாளிகள் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள். பூதக்கண்ணாடியை வைத்துத் தேடியதில் இடது மணிக்கட்டுக்குப் பின்னால் முத்திரையும் இருந்தது.

"சரி, திருடல. ஆனா அந்த வெள்ளி என்னோடது" என்றார் தம்பி. "பாகப் பத்திரத்துல எழுதியிருக்கு, வெள்ளி எனக்குன்னு."

"எடுத்துக்கோயேன்" என்றார் அக்கா. "எப்படி எடுக்கப்போற? மனுஷனை உருக்கப் போறியா?"

"சும்மா கேட்டேன்கா."

"ஆளுக்குச் சம்பளம் யாரு தர்றது? நான். வெள்ளிக்குச் சொந்தக்காரன் யாரு? நீ. வேணும்னா ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துட்டுப் போ."

அப்படியே முடிவாயிற்று. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த பழைய பட்டியலை எடுத்துவிட்டுப் புதியது எழுதி மாட்டினார்கள். முலாம் பூசிய கரண்டி, முள்கரண்டி, கத்தி வகையறா எண்ணூற்று அறுபத்து நான்கு. துலக்குகாரர், உண்மையான வெள்ளி, ஒன்று. கையுறை அண்ணன் அதைப் படித்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தார். வெளியே வந்தபோது கையுறை போட்டிருக்கவில்லை. ஹோட்டல் வாசலில் வெயிலில் நின்றார். எதிர்க்கட்டடத்தின் சுவர் முழுக்க ஒளி ஆடியது.

பட்டியலில் ஏறிய பொருளை வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது ஏலக்கடையின் விதி. முதல் வருஷம் அவள் வந்து ஒரு நிமிஷம் கையைப் பிடித்துப் பார்த்து, வெள்ளிதான் என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் வருஷம் அரை மணி நேரம் பிடித்தது. மூன்றாம் வருஷம் ஏதோ சந்தேகம் என்று நாலு தரம் வந்தாள். ஒவ்வொரு தரமும் பாலத்தில் போக்குவரத்து நின்றதால், நகராட்சியிலிருந்து பணிவாக ஒரு கடிதம் வந்தது: இருவரும் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டால் நல்லது. அவள் அம்மா விஷயம் கேள்விப்பட்டு, விக்கல் வந்தால் கொடுக்க ஒரு டம்ளர் தண்ணீரோடு ஹோட்டலுக்கே வந்து, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களைத் தொட்டா இவ விக்கறதில்லையாமே?"

"இல்லீங்க. சிரிக்கறாங்க."

"எனக்கு அது போதும். முட்டை சாப்பிட மாட்டீங்களாமே, அதுவும் மிச்சம்தான்."

நான்காம் வருஷம் கல்யாணம் ஆயிற்று. தம்பி தாராளமாக நடந்துகொண்டார். அவர் எழுதிக் கொடுத்த ரசீதில், மேற்படி வெள்ளி உருப்படி ஒன்று வீட்டு உபயோகத்துக்காக ஒப்படைக்கப்படுகிறது, சாதாரணத் தேய்மானத்துக்கு உரிமையாளர் ஆட்சேபிக்க மாட்டார் என்று இருந்தது.

அவர்கள் குடியிருந்த தெரு சீக்கிரமே பழகிக்கொண்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வேலையிலிருந்து வந்து அவள் தோளில் கை வைப்பார், தெரு சிரிக்கும், ரொட்டிக்கடைக்காரர் அடுப்பைத் திறப்பார். கடிகாரம் நின்றுபோன வீடுகளில் அந்த நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். என்றைக்காவது ஆறு மணிக்குச் சத்தமே இல்லை என்றால் இரண்டு பேருக்கும் சண்டை என்று அர்த்தம். அவர் கோபித்துக்கொண்டு ஹோட்டலிலேயே இரண்டு அவித்த முட்டை சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார், கை மணிக்கட்டுவரை கறுத்திருக்கும். ரொட்டிக்கடைக்காரர், "முட்டை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு பழைய பனியன் துணியை மதில் வழியாக நீட்டுவார். அவள் அதை வாங்கி, சமையலறை ஸ்டூலில் அவரை உட்காரவைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே துலக்குவாள், துணி எட்டாத இடங்களை வெறும் கட்டைவிரலால். கறுப்பு இருக்கும்வரை கிச்சுகிச்சு இல்லை. ஆகவே திட்ட வேண்டியதையெல்லாம் அதற்குள் திட்டி முடித்துவிட வேண்டும். கட்டைவிரலிலிருந்து ஆரம்பிப்பாள், சுண்டுவிரலை அடைவதற்குள் தெரு சிரித்துவிடும்.

இப்படி ஒன்பது வருஷம் துலக்கியதில் ஒருநாள் காலை, பேருந்தில் போகும்போது அவள் யதேச்சையாகக் காதைச் சொறிந்துகொண்டாள், சிரிப்பு வந்துவிட்டது. கையைப் பார்த்தாள். வலது கட்டைவிரல் நகத்தைச் சுற்றி மெல்லிசாக, பளபளவென்று ஏறியிருந்தது. அவர் கையில் அதே அளவு குறைந்திருக்கும். கணக்கு சரிதான். அவள் இன்னொரு தடவை சொறிந்து பார்த்தாள். வண்டி முழுக்கச் சிரித்தது, டிரைவர் ஓரமாக நிறுத்திச் சிரித்து முடித்துவிட்டு மறுபடி கிளப்பினார். கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் கிழித்தார்.

"வெள்ளியாம்மா?"

"ஆமாங்க. இப்பத்தான் ஏறுது."

"சரி, உள்ள தள்ளி நில்லுங்க. வழியில நிக்காதீங்க."